கை கால் மதமதப்பு: குளிர் என்று ஒதுக்குவதற்கு முன்னால்

ஒரு மார்கழி மாலையில் கொழுந்து பறித்துவிட்டு வீடு திரும்பிய என் அம்மாவின் வலது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று அவருக்குத் தெரியவில்லை. “இந்தக் குளிருக்கு எல்லாருக்கும்தான் கால் மரத்துப்போகும்” என்றார். கோத்தகிரிப் பக்கம் செவிலியராக வேலை பார்த்துக்கொண்டிருந்த நானும் அதை நம்பினேன். அடுத்த வாரம், கணப்பு அருகே கால் நீட்டி உட்கார்ந்திருந்தவரின் பெருவிரலில் கொப்புளம் கண்டிருந்தது. சுட்டதை அவர் உணரவேயில்லை. அதன் பிறகுதான் இரத்தம் எடுத்துப் பார்த்தோம். வெறும் வயிற்றில் சர்க்கரை 238.

புண் ஆறு வாரத்தில் ஆறியது. விரலை எடுக்க வேண்டிய நிலை வரவில்லை. ஆனால் சர்க்கரை அவருக்கு எத்தனை ஆண்டுகளாக இருந்தது என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. அத்தனை நாளும் கால் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. குளிர் என்ற ஒரே சொல்லால் நாங்கள் அதன் வாயை அடைத்துவைத்திருந்தோம்.

உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூரும் கோத்தகிரியும் அதைவிடத் தாழ்வு என்றாலும், மார்கழி, தை மாத விடிகாலையில் விரல் விறைக்காத வீடு இங்கே இல்லை. சமவெளியில் ஒருவருக்குக் கால் மரத்தால் சர்க்கரை நினைவுக்கு வரும். நாம் கம்பளியைத் தேடுகிறோம். மலையில் இருப்பவர்களுக்கென்று இதைத் தனியாக எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

படி 1: காத்திருக்கக் கூடாதவை எவை?

கீழே சொல்பவற்றில் ஏதாவது ஒன்று இப்போது உங்களுக்கோ அருகில் இருப்பவருக்கோ இருந்தால், வாசிப்பதை நிறுத்திவிட்டு 108-ஐ அழையுங்கள்.

முகத்தின் ஒரு பக்கமோ, ஒரு பக்கத்துக் கையும் காலுமோ திடீரென்று மரத்துப்போவது, வாய் கோணுவது, பேச்சு குழறுவது, நீட்டிய கை தானாகக் கீழே சரிவது: இவை பக்கவாதத்தின் அடையாளங்கள். மூளையின் இரத்தக் குழாயை அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கும் முன்னால் ஸ்கேன் எடுத்து, மூளைக்குள் இரத்தக் கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். உதகையிலிருந்து கோவை ஏறக்குறைய 85 கிலோமீட்டர். கொண்டை ஊசி வளைவுகளில் மூடுபனியும் சீசன் நெரிசலும் சேர்ந்துகொண்டால் மூன்று மணி நேரம் போவது தெரியாது. லைன் வீட்டிலிருந்து தார்ச் சாலைக்கு இறங்கி வரவே அரை மணி ஆகும் குடும்பங்கள் எத்தனையோ. ஆகவே “விடியட்டும், பார்ப்போம்” என்பதற்கு மலையில் இடமே இல்லை. 108-ல் பேசும்போதே பக்கவாதமாக இருக்கலாம் என்றும், ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள். அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கையோடு கொண்டு போங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். தண்ணீரோ காபியோ மாத்திரையோ வாயில் கொடுக்காதீர்கள், புரையேறிவிடும். பத்து நிமிடத்தில் எல்லாம் தெளிந்துவிட்டாலும் கட்டாயம் போக வேண்டும். அப்படி வந்து மறைவது, பெரிய பக்கவாதம் பின்னால் வரக்கூடும் என்பதற்கான எச்சரிக்கை.

இரண்டு பாதங்களிலும் குறுகுறுப்புத் தொடங்கி, சில நாட்களில் முழங்கால், தொடை என்று மேலே ஏறி, கூடவே எழுந்து நிற்க முடியாத பலவீனமும் வந்தால் அதுவும் அவசரம். வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ வந்து ஓரிரு வாரம் கழித்து இப்படி ஆனால் கில்லன்-பாரே நோயாக இருக்கலாம். உடலின் எதிர்ப்புச் சக்தி சொந்த நரம்புகளையே தாக்கும் நோய் இது. மூச்சுத் தசைகள் வரை ஏறக்கூடும் என்பதால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

முதுகுவலியோடு இரண்டு கால்களும் மரத்து, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றிய இடத்தில் உணர்வு குறைந்து, சிறுநீர் வராமலோ அடங்காமலோ போவது இன்னொரு அவசரம். முதுகெலும்பின் அடிப்பகுதியில் நரம்புக் கற்றை நசுங்குகிறது என்று பொருள். பெண்கள் இதை வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார்கள். தாமதம் ஆக ஆக, சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகும் ஆபத்து கூடும் என்பதால் தயங்காமல் சொல்லுங்கள்.

நெஞ்சில் பாரம், வியர்வை, மூச்சுத் திணறலோடு இடது கை மதமதத்தால் இதயத்தைப் பார்க்க வேண்டும். மரத்திலிருந்தோ சரிவிலிருந்தோ விழுந்தவருக்குக் கை கால் மரத்துப்போனால் கழுத்தை அசைக்காமல் படுக்கவைத்து உதவிக்கு ஆள் அழையுங்கள். இருவர் தோளில் தூக்கி மேட்டுக்கு நடத்தி வருவதுதான் நம் வழக்கம். இந்த ஒரு சமயத்தில் அது கூடவே கூடாது.

படி 2: ஒரு வாரம் எழுதிவையுங்கள்

அவசரம் எதுவும் இல்லை என்றால், ஒரு பள்ளி நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். “மதமதப்பு” என்ற சொல்லுக்குள் பல உணர்வுகள் ஒளிந்திருக்கின்றன. எறும்பு ஊர்வது போல, ஊசி குத்துவது போல, மிளகாய் அரைத்த கை போல எரிச்சல், கரண்ட் அடிப்பது போலச் சுரீர் என்பது, பஞ்சின் மேல் நடப்பது போல, காலுறை போடாமலே போட்டது போல, தொட்டால் ஒன்றுமே தெரியாதது. ஊசி குத்தும் நரம்பு எரிச்சலடைந்திருக்கிறது. உணர்வே இல்லாத நரம்பு வேலையை விட்டுக்கொண்டிருக்கிறது. வலி குறைந்து மரப்பு கூடினால் குணமாகிறது என்று பலர் மகிழ்ந்துபோகிறார்கள். உண்மையில் அது மோசமாவதன் அடையாளமாக இருக்கலாம்.

எந்த இடத்தில், ஒரு பக்கமா இரு பக்கமுமா, இரவிலா வேலை நேரத்திலா, எது செய்தால் தெளிகிறது என்று நான்கையும் எழுதுங்கள். கையில் என்றால் எந்த விரல் என்றுகூட எழுதுங்கள். எந்த நரம்பு என்பதை அந்த விரலே காட்டிக்கொடுக்கும். மதமதப்பு என்று மட்டும் சொல்பவரைவிட, இந்த நோட்டோடு வருபவருக்கு விரைவாக நோய் பிடிபடுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

படி 3: குளிர்தானா?

சோதிப்பது எளிது. ஈரத்தைத் துடைத்து, உலர்ந்த கம்பளிக் காலுறையும் கையுறையும் போட்டு, காற்று வராத அறையில் அரை மணி நேரம் இருங்கள். குளிரால் வந்த மரப்பு அதற்குள் முழுவதும் தெளிந்துவிடும். தெளியாவிட்டால், அல்லது கம்பளிக்குள் படுத்திருக்கும்போதே வந்தால், அல்லது பங்குனி, சித்திரையிலும் தொடர்ந்தால், பழியைக் குளிரின் மேல் போடாதீர்கள்.

குளிரால் நேரடியாக வரும் தொல்லைகளும் உண்டு. கேத்தியிலும் முத்தோரை பாலாடாவிலும் கேரட் கழுவும் இயந்திரங்கள் வந்துவிட்டாலும், ஈர மண்ணிலும் பச்சைத் தண்ணீரிலும் கை வைக்கும் வேலை குறையவில்லை. ஈரக் குளிரில் நெடுநேரம் இருந்த விரல்களில் மறுநாள் சிவப்பும் ஊதாவுமாக வீங்கி, அரிப்பும் எரிச்சலும் எடுக்கும் குளிர்ப்புண் ஓரிரு வாரத்தில் தானே ஆறும். ஆனால் விறைத்த கையை உடனே நெருப்பில் காட்டினால் அது அதிகமாகும். மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும்.

குளிர் பட்டதும் விரல்கள் சுண்ணாம்பு போல வெளுத்து, பிறகு நீலமாகி, சூடு ஏறும்போது சிவந்து குத்துகிறதா? இது விரலின் சிறு இரத்தக் குழாய்கள் அளவுக்கு மீறிச் சுருங்குவதால் வருவது. பல இளம்பெண்களுக்குக் கேடில்லாமல் வந்து போகும். முப்பது வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கினாலோ, மூட்டுவலி, தோல் இறுக்கம், விரல் நுனியில் புண் சேர்ந்தாலோ மூட்டு, தசை நோய் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கொழுந்து வெட்டும் இயந்திரத்தை நாள் முழுவதும் பிடித்து அதிர்வு வாங்கும் ஆண்களுக்கும் இப்படி விரல் வெளுக்கலாம். இடையிடையே இயந்திரத்தை மாற்றிப் பிடிப்பதும், கையைச் சூடாக வைப்பதும் உதவும்.

பீடி பிடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மேட்டில் ஏறும்போது கெண்டைக்கால் இறுகி வலித்து, நின்றால் தெளிந்து, மறுபடி நடந்தால் வலித்தால், பாதம் எப்போதும் சில்லென்று இருந்தால், காலுக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபட்டிருக்கலாம். நாற்பது வயதுக்குள்ளேயே புகையால் விரல் அழுகிப்போகும் நோயும் உண்டு. அந்த நோய்க்குப் புகையை முழுவதும் விடுவதுதான் முதல் மருந்து. குறைப்பது போதாது.

படி 4: கையில் என்றால்

இரவு இரண்டு மணிக்குக் கை மரத்து எழுப்புகிறது, எழுந்து உதறினால் தெளிகிறது, பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி மட்டும் குத்துகின்றன, சுண்டுவிரல் நன்றாக இருக்கிறது. இப்படி நோட்டில் எழுதியிருந்தால், மணிக்கட்டில் உள்ள ஒரு குறுகிய எலும்புச் சுரங்கத்துக்குள் நடு நரம்பு நசுங்குகிறது. கொழுந்து பறிப்பவர்களுக்கும், தையல்காரர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், தைராய்டு குறைந்தவர்களுக்கும், சர்க்கரை உள்ளவர்களுக்கும் இது அதிகம்.

ஒரு சோதனை. இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் கீழே தொங்கும்படி மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வைத்திருங்கள். அந்த மூன்றரை விரல்களில் குத்தல் வந்தால் சந்தேகம் வலுக்கிறது. மணிக்கட்டை நேராகப் பிடித்திருக்கும் பட்டையை இரவில் மட்டும் கட்டிப் படுத்தாலே ஆறு வாரத்தில் பலருக்கு நல்ல மாற்றம் தெரிகிறது. தூக்கத்தில் நாம் மணிக்கட்டை மடக்கிக்கொள்வதுதான் இரவுத் தொல்லைக்குக் காரணம். ஆனால் பெருவிரலுக்குக் கீழே உள்ள சதை மேடு வற்றத் தொடங்கினாலோ, டம்ளர் கை நழுவினாலோ பட்டையோடு நிறுத்தக் கூடாது. நசுங்கிய நரம்பை விடுவிக்கும் அறுவை சிகிச்சை சிறியது. சதை முழுவதும் வற்றிய பிறகு செய்தால் வலிமை முழுமையாகத் திரும்புவதில்லை.

சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும் மரத்தால் முழங்கையைப் பாருங்கள். முழங்கையை மேசையிலோ ஜீப் ஜன்னலிலோ ஊன்றும் பழக்கமும், கைப்பேசியை மடித்த கையில் நெடுநேரம் காதில் வைத்திருப்பதும் அங்கே ஓடும் நரம்பை அழுத்தும். தலையில் பட்டை மாட்டி முதுகில் கூடை சுமந்தவர்களுக்குக் கழுத்தைத் திருப்பினால் தோளிலிருந்து விரல் வரை மின்சாரம் ஓடலாம். அது கழுத்தெலும்பு விவகாரம். சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறி, நடையும் இறுகினால் தண்டுவடமே நசுங்குகிறது என்று எடுத்துக்கொண்டு தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போங்கள்.

பதற்றத்தில் வேகமாக மூச்சு விடும்போது இரண்டு கை விரல்களும் வாயைச் சுற்றியும் குத்துவது உண்டு. மூச்சு நிதானமானதும் போய்விடும். தைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு இதே இடங்களில் குத்தினால் சுண்ணாம்புச் சத்து இறங்கியிருக்கலாம், அன்றே இரத்தம் பார்க்க வேண்டும்.

படி 5: காலில் என்றால்

முதலில் ஒரு காலா இரண்டு காலா என்று பிரியுங்கள். ஒரு காலில் மட்டும், இடுப்பிலிருந்து பின்தொடை வழியாகப் பாதம் வரை இழுத்தால் முதுகுத் தட்டு நரம்பை அழுத்துகிறது. தொடையின் வெளிப்பக்கம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு மரத்து எரிந்தால் இடுப்பைப் பாருங்கள். மழைக்கும் பனிக்கும் இடுப்பில் இறுக்கிக் கட்டும் சாக்கும் பிளாஸ்டிக் தாளும் அந்த இடத்து நரம்பை நெரிக்கின்றன. கட்டைத் தளர்த்தினால் பெரும்பாலும் தீரும். குத்துக்காலிட்டுப் பூண்டுப் பாத்தியில் நாள் முழுவதும் களை எடுத்தவர், எழுந்ததும் பாதத்தின் மேல்பகுதி மரத்து, முன்பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் தேய்த்து நடக்கலாம். முழங்காலின் வெளிப்பக்கத்து எலும்பைச் சுற்றி ஓடும் நரம்பு, குந்தியிருந்ததில் நசுங்கியதுதான் காரணம். கால் மணிக்கொரு முறை எழுந்து நிற்பதும், சிறு முக்காலி ஒன்றைப் பாத்திக்கு எடுத்துச் செல்வதும் இதைத் தடுக்கும். முன்பாதம் தூக்க வராவிட்டால் அந்த வாரமே மருத்துவரிடம் போக வேண்டும்.

இரண்டு பாதங்களும், விரல் நுனியில் தொடங்கி, காலுறை போட்ட அளவுக்கு மெல்ல மேலே ஏறினால், அது என் அம்மாவின் கதை. இடுப்பிலிருந்து கால் விரல் வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்துக்கு நரம்பு இழை ஓடுகிறது. உடலிலேயே நீளமான அந்த இழைகள்தான் சர்க்கரையிலும் சத்துக் குறைவிலும் முதலில் வாடுகின்றன. முழங்கால் அளவுக்கு ஏறிய பிறகே கை விரல்களில் தொடங்கும். இரவில் போர்வை பட்டாலே எரியும், பகலில் செருப்பு கழன்றது தெரியாது. முரணாகத் தோன்றினாலும் ஒரே பாதத்தில் இரண்டும் இருக்கும்.

வெறும் வயிற்றில் 126, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 200, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதம். இவற்றை எட்டினால் சர்க்கரை நோய் என்று வைத்து, மறுபடியும் ஒரு முறை உறுதி செய்வார்கள். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை இருப்பவர்களுக்குக்கூடக் கால் நரம்பு பாதிக்கப்படலாம் என்பதால் “கொஞ்சம்தான் கூட” என்று நிம்மதி அடைய வேண்டாம். கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் இரத்தசோகை உண்டு. அது உள்ளவர்களுக்கு எச்பிஏ1சி பிழையான எண்ணைக் காட்டக்கூடும், நேரடிச் சர்க்கரைப் பரிசோதனைதான் நம்பகமானது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரை தருகிறார்கள். அவர்கள் வரும்போது கால் மரப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்டால்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை.

சர்க்கரைக்கு அடுத்து வைட்டமின் பி12. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில் மட்டுமே இது போதுமான அளவில் கிடைக்கும். சைவம் சாப்பிடுபவர்கள், கறுப்புத் தேநீரோடு உணவை முடித்துக்கொள்ளும் முதியவர்கள், பல ஆண்டுகளாகச் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினோ அமிலம் குறைக்கும் வயிற்று மாத்திரையோ எடுப்பவர்கள் ஆகியோருக்குக் குறையும். நாக்கு வழுவழுப்பாகிப் புண்ணாவது, களைப்பு, மறதி, முகம் கழுவக் கண்ணை மூடினால் தள்ளாடுவது என்று கூடவே சில அடையாளங்கள் வரும். இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே போனால் குறைவு. இரத்தசோகை என்று ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் இரத்தம் தேறும், நரம்பு தொடர்ந்து கெடும். அதனால் இரண்டையும் பார்க்க வேண்டும். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், பி12 சேர்த்துக்கொண்டால் போதும்.

மது நேரடியாகவும், சாப்பாட்டைக் குறைத்து வைட்டமின் பி1-ஐ இல்லாமல் ஆக்கியும் கால் நரம்பை எரிக்கிறது. குளிருக்குக் குடிப்பதாகச் சொல்பவர்களின் பாதங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். தைராய்டு, சிறுநீரகக் கோளாறும் பட்டியலில் உண்டு. இரவில் கால் குறுகுறுத்து, ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றினால் இரும்புச் சத்தைப் பாருங்கள். சாப்பாட்டோடு சேர்த்துத் தேநீர் குடிப்பது இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும். ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

தொழுநோயையும் சொல்லியாக வேண்டும், யாரும் சொல்ல விரும்பாவிட்டாலும். தோலில் வெளிர்ந்த அல்லது சிவந்த ஒரு தேமல், அதன் மேல் தொட்டால் உணர்வு இல்லை, முழங்கைக்குப் பின்னால் நரம்பு கயிறு போலத் தடித்திருக்கிறது என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். மருந்து இலவசம். வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதத்தில் குணமாகும், மருந்து தொடங்கியதும் பரவும் அச்சமும் விரைவில் நீங்கிவிடும். இது பரம்பரை நோயும் அல்ல, சாபமும் அல்ல. விரல் மடங்கிப்போவதெல்லாம் மறைத்துவைத்த ஆண்டுகளின் விளைவு.

படி 6: உங்கள் பையிலும் கொட்டகையிலும் தேடுங்கள்

காசநோய்க்குத் தரும் ஐசோனியசிட் கால் எரிச்சலைத் தரலாம். அதைத் தடுக்கத்தான் கூடவே பி6 மாத்திரை தருகிறார்கள், அதை விட்டுவிடாதீர்கள். சில புற்றுநோய் மருந்துகளும் இப்படிச் செய்யும். அதே பி6-ஐ மருந்துக்கடையில் “நரம்புக்கு நல்லது” என்று வாங்கி மாதக்கணக்கில் அதிக அளவில் விழுங்கினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

காய்கறித் தோட்டத்தில் மருந்து அடித்த அன்று மாலை முகமும் கையும் சுருசுருவென்று எரிந்தால், சைபர்மெத்ரின் போன்ற மருந்து தோலில் பட்டிருக்கலாம். வெந்நீர் பட்டால் அதிகமாகும். பச்சைத் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஒரு நாளில் அடங்கும். அடங்காவிட்டாலோ, வாந்தி, எச்சில் ஒழுகுதல், மூச்சிரைப்பு சேர்ந்தாலோ டப்பாவோடு மருத்துவமனைக்குப் போங்கள். சில வகைப் பூச்சிமருந்து விஷத்திலிருந்து பிழைத்தவர்களுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துக் கால் மரத்துப் பலமிழப்பதும் உண்டு.

படி 7: வீட்டில் செய்யும் தொடுசோதனை

கண்ணை மூடிக்கொண்டு படுங்கள். வேறொருவர் தன் ஆள்காட்டி விரல் நுனியால் உங்கள் வலது காலின் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல், இடது காலில் அதே மூன்று என்று ஆறு இடங்களை வரிசை மாற்றி, ஓரிரு விநாடி மெதுவாகத் தொடட்டும். அழுத்தவோ தட்டவோ தேய்க்கவோ கூடாது. தொட்டது தெரியும்போது எந்தக் கால் என்று சொல்லுங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் உங்கள் பாதம் ஆபத்தில் இருக்கிறது. குளிர்ந்த காலில் செய்யாதீர்கள், சூடேறிய பிறகு செய்யுங்கள்.

மருத்துவமனையில் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையாலும், விநாடிக்கு 128 முறை அதிரும் இசைக்கவையாலும் இதையே நுணுக்கமாகப் பார்ப்பார்கள். கேட்டு வாங்க வேண்டிய இரத்தப் பரிசோதனைகள்: சர்க்கரை, பி12, தைராய்டு, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், முழு இரத்த எண்ணிக்கை. இவை முடியும் முன்பே எம்ஆர்ஐ-க்கும் நரம்பு மின்னோட்டப் பரிசோதனைக்கும் மலை இறங்கிச் செலவழிக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் மட்டும் பாதிப்பு, தசை பலவீனம், வேகமாகக் கூடுவது என்றால் மட்டும் அவை முந்தும்.

படி 8: கணப்பு, வெந்நீர், தைலம்

மரத்த காலுக்கு மலையில் நாம் செய்யும் மூன்று வைத்தியங்களும் மரத்த காலுக்கே எதிரிகள். கணப்பிலிருந்து குறைந்தது ஆறடி தள்ளி உட்காருங்கள். கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கவே தூங்காதீர்கள், அதன் புகையற்ற நச்சுவாயு தூக்கத்திலேயே உயிரை எடுத்திருக்கிறது. வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்துத் தூங்க வேண்டாம். படுக்கையைச் சூடேற்றிவிட்டு எடுத்துவிடுங்கள். கால் கழுவும் தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பாருங்கள், காலால் பார்க்காதீர்கள். முழங்கைக்கும் உணர்வு சந்தேகமென்றால் வீட்டில் வேறொருவர் பார்க்கட்டும். எங்கள் ஊர்ப் பெயரையே சுமக்கும் நீலகிரித் தைலம் தேய்த்தால் சுகமாக இருக்கும், தலைவலிக்கும் சளிக்கும் நானும் வைத்திருக்கிறேன். ஆனால் நரம்பு நோயை அது தொடுவதில்லை. வெடித்த பாதத்தில் தேய்த்துக் கணப்பில் காட்டினால் புண்தான் மிஞ்சும்.

கம்பூட்ஸ் போடும் முன் தலைகீழாகத் தட்டி, கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். ஒரு சிறு கல் போதும். காலுறையை மதியம் ஒரு முறை மாற்றுங்கள், விரல் இடுக்குகளை உலர்த்துங்கள், வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம், இடுக்கில் மட்டும் வேண்டாம். ஆணிக்காலைப் பிளேடால் சீவாதீர்கள். வலிக்காத புண்ணை வலிக்கிற புண்ணைவிட அவசரமாகக் காட்டுங்கள்.

எவ்வளவு நாளில் சரியாகும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அறுந்தோ வாடியோ போன நரம்பு இழை மீண்டும் வளர்ந்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வளரும். பி12 ஊசி போட்டு இரண்டு வாரத்தில் மாற்றம் இல்லையே என்று விட்டுவிடுபவர்கள் இந்தக் கணக்கை நினைவில் வைக்க வேண்டும். மாதங்கள் ஆகும். எரிச்சலைக் குறைக்கத் தனி மருந்துகள் இருக்கின்றன, அதுவரை தூங்காமல் தவிக்க வேண்டியதில்லை.

அம்மாவின் சர்க்கரை இப்போது கட்டுக்குள் இருக்கிறது. எரிச்சல் போய்விட்டது, உள்ளங்காலில் உணர்வு முழுதாகத் திரும்பவில்லை. ஒவ்வொரு இரவும் படுக்கும் முன் என் மகள் டார்ச் அடித்துப் பாட்டியின் இரண்டு பாதங்களையும் பார்க்கிறாள். போன மாதம் நான்காவது விரலின் இடுக்கில் கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சி ஒன்று நகக்கண் அளவுக்கு ஏறியிருந்தது. அதோடுதான் அம்மா காலையிலிருந்து நடந்திருக்கிறார்.